11.1 வோல்ட் பேட்டரி போடுவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஒரு ஏர்சாஃப்ட் காட்டு மைதானம். காலை பதினொரு மணி இருக்கும். மரத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, எதிரணி ஆள் ஓடுவதைப் பார்த்து விசையை அழுத்திப் பிடித்தேன். நாலைந்து நொடி நன்றாகச் சுட்டது. பிறகு ‘டரக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பின் எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் ஓடுகிறது, குண்டு வரவில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றியபின் பம்பு வெறுமனே ஓடுமே, அப்படி ஒரு வெற்றுச் சத்தம். கையில் இருந்த துப்பாக்கிக்கு உள்ளே ஏதோ செத்துவிட்டது என்று உடனே தெரிந்துவிட்டது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடம் வரை நடந்த பத்து நிமிடமும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய பொருள் அது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏர்சாஃப்ட் என்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளோடு, கண்ணுக்கும் முகத்துக்கும் கவசம் போட்டுக்கொண்டு, அணி பிரித்து ஆடுவது. ஜப்பானில் தொடங்கியது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் மின்சாரத் துப்பாக்கியை 1991-இல் டோக்கியோ மருய் நிறுவனம்தான் முதலில் கொண்டுவந்தது. பேட்டரி ஒரு சின்ன மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுற்றும், கடைசிச் சக்கரம் ஒரு பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். சக்கரத்தின் சுற்றளவில் பாதியில்தான் பல் இருக்கும். பல் முடிந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாயும். அது தள்ளும் காற்றுதான் குண்டை வெளியே அனுப்புகிறது. இந்த ஒரு விஷயத்தை வாங்கும் முன்பே நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

என்னுடையது எம்4 ராணுவத் துப்பாக்கியின் சாயலில் செய்த வகை. யாரோ ஒருவர் பயன்படுத்தியதை 150 பவுண்டுக்கு வாங்கினேன். கூடவே 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரியும், சுவரில் செருகும் ஒரு சாதாரண சார்ஜரும் வந்தன. கோடையில் பிரச்சினை இல்லை. நவம்பர் வந்ததும் குளிரில் பேட்டரி சோர்ந்துபோனது. விசையை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சுடுவதுபோல் இருக்கும். அந்த ஒரு கணத்தில் எதிரில் இருப்பவர் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார். பக்கத்தில் ஆடுபவர்களின் துப்பாக்கிகள் தொட்டதும் சீறின. என்ன பேட்டரி என்று கேட்டேன். “லெவன் பாயின்ட் ஒன்” என்றார்கள். அவர்கள் துப்பாக்கிக்குள் வேறு என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இணையக் கடை ஒன்றில் இந்த வகைத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது. 11.1 வோல்ட், 1100 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஒன்று 17 பவுண்டு. இரண்டு வாங்கினேன். லிப்போவுக்கு வேறு சார்ஜர் வேண்டும் என்பதால் அதற்கு 22 பவுண்டு. பொருந்தும் என்று கடையில் சொன்னது பேட்டரியின் பிளக் துப்பாக்கியின் பிளக்கில் மாட்டும் என்பதை மட்டும்தான். உள்ளே இருக்கும் பாகங்கள் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. கடைக்கு அந்தக் கேள்வி கிடையாது, நாம்தான் கேட்க வேண்டும்.

அந்த எண்ணிலும் கவனம் வேண்டும். லிப்போவில் ஒரு செல் 3.7 வோல்ட். இரண்டு சேர்த்தால் 7.4, மூன்று சேர்த்தால் 11.1. ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏறினால் ஒவ்வொரு செல்லும் 4.2-க்குப் போகும். ஆக, காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோகும் 11.1 உண்மையில் 12.6 வோல்ட். நிக்கல் பேட்டரி சுமை விழுந்ததும் இறங்கிவிடும், நல்ல லிப்போ அவ்வளவாக இறங்காது. நான் 8.4-லிருந்து 11.1-க்குப் போகிறேன் என்று நினைத்தேன். மோட்டாருக்கு அது அதைவிடப் பெரிய தாவல். நடுவில் 7.4 லிப்போ என்று ஒரு படி இருப்பதையே நான் பார்க்கவில்லை. 8.4-ஐவிடக் குறைந்த எண் எதற்கு என்று நினைத்துவிட்டேன். குளிரில் சோர்ந்த 8.4 நிக்கலைவிட நல்ல 7.4 லிப்போ சுறுசுறுப்பாக ஓடும் என்பதை, அதைக் கையில் பிடித்து ஆடிய பிறகுதான் நம்பினேன்.

முதல் நாள் சொர்க்கம். தொட்டதும் சுட்டது. காலையில் மைதானத்தில் எல்லாத் துப்பாக்கியையும் வேகமானியில் சோதிப்பார்கள். அங்கே 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 350 அடிதான் வரம்பு. பழைய பேட்டரியில் எனக்கு 330 வரும், நொடிக்கு 13 குண்டு. புதியதில் நொடிக்கு 22 குண்டு என்று காட்டியது. குண்டின் வேகமோ அதே 330. அதைப் பார்த்தவுடன் எனக்கு உறைத்திருக்க வேண்டும். குண்டு எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங், காற்றுக் கசிவு, குழல், குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் ரப்பர் ஆகியவை. பேட்டரி அந்த ஸ்பிரிங்கை எத்தனை வேகத்தில் திரும்பத் திரும்ப இழுக்கிறது என்பது மட்டும்தான் மாறும். தூரம் கூடும் என்ற எண்ணத்தில் வோல்ட்டைக் கூட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்குள்ளும் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது. தூரம்தான் வேண்டுமென்றால் அந்தக் காசில் நல்ல ஹாப்-அப் ரப்பரும் கொஞ்சம் கனமான குண்டும் வாங்குங்கள்.

இரண்டாவது ஆட்டத்திலேயே அறிகுறிகள் வந்தன. ஒற்றைக் குண்டு நிலையில் வைத்து ஒருமுறை அழுத்தினால், சில நேரம் இரண்டு குண்டு போனது. ஒரு சுற்று முடிந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படும். ஆனால் மோட்டார் போன வேகத்தில் உடனே நிற்க முடியாமல் சக்கரத்தை இன்னொரு சுற்றுக்குத் தள்ளிவிடுகிறது. அருகில் நின்ற ஒருவருக்கு இரண்டாவது குண்டு தேவையில்லாமல் பட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் வந்து எச்சரித்தார், முகம் எரிந்தது. அப்போதே பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். புதுப் பேட்டரியின் பழக்கம் இப்படித்தான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் துப்பாக்கி ஒன்றுக்கு இரண்டாகச் சுட ஆரம்பித்தால் அது முதல் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் விசை சரியாக வேலை செய்யவில்லை. நாலு முறை அழுத்தினால் ஒருமுறை சுடும். பாதி நாளிலேயே திரும்பிவிட்டேன். அன்றிரவு கோவைக்குப் போன் போட்டேன். அப்பா அங்கே கணபதி பகுதியில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஏர்சாஃப்ட் என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. பேட்டரியை மாற்றினேன், இப்போது விட்டு விட்டுச் சுடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஸ்விட்ச் காண்டாக்ட் எப்படிக் கண்ணு இருக்குது? கழட்டிப் பார்த்தியா?” பார்க்கவில்லை என்றேன். “ஸ்டார்டர்ல கரி புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கும். போய்ப் பாரு.”

பார்த்தேன். சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கியர்பாக்ஸைத் திறந்தேன். விசையோடு சேர்ந்து நகரும் ஒரு குட்டிச் செப்புத் தகடு, எதிரே கவ்வியைப்போல இரண்டு செப்பு நாக்குகள். மூன்றிலும் கரி. ஒரு நாக்கின் நுனி உருகி, எறும்பு கடித்ததுபோல் குழி விழுந்திருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பாகி வளைந்திருந்தது. இந்த வகைத் துப்பாக்கியில் மோட்டாருக்குப் போகும் மொத்த மின்னோட்டமும் இந்த இரண்டு நாக்கு வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு முறை விசையை விடும்போதும் அங்கே ஒரு தீப்பொறி. வோல்ட் கூடினால் பொறி பெரிதாகும். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். “நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சா கொஞ்ச நாளைக்கு ஓடும். ஆனா இந்த லோடை ஸ்விட்ச் மேல போடக் கூடாதுங்கண்ணு. நடுவுல ஒரு ரிலே வேணும்” என்றார். அவர் ரிலே என்று சொன்னதன் வேலையை இந்த உலகத்தில் செய்வது மாஸ்பெட் என்ற மின்னணு ஸ்விட்ச். அது இருந்தால் விசை ஒரு சின்ன சைகையை மட்டும் அனுப்பும், பெரிய மின்னோட்டம் மாஸ்பெட் வழியாகப் போகும். காண்டாக்ட் கருகாது. சில மாஸ்பெட்களில் பிரேக்கும் உண்டு, மோட்டாரை உடனே நிறுத்திவிடும், இரட்டைக் குண்டுத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும். விலை 18 பவுண்டு.

அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, மாஸ்பெட்டை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆட்டம்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பிப்ரவரி ஞாயிறு.

செத்த துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயதானவர், பொறுமைசாலி. என் கண் எதிரே பிரித்து, பிஸ்டனை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வெள்ளை பிளாஸ்டிக் பிஸ்டன். அதன் அடியில் வரிசையாக இருக்க வேண்டிய பற்களில் முன்னும் பின்னும் சில நல்லபடி இருந்தன. நடுவில் மட்டும் வழித்தெடுத்ததுபோல் வழுவழு என்று இருந்தது. உதிர்ந்த பல்தூள் கிரீஸோடு கலந்து ரவைபோல் சக்கரங்களில் ஒட்டியிருந்தது. சக்கரத்தின் முதல் பல்லும் மழுங்கியிருந்தது. “நடுவில் போயிருக்கிறது பார், பிஸ்டன் வீடு திரும்புவதற்குள் சக்கரம் அதைப் பிடித்துவிட்டது” என்றார்.

அவர் விளக்கியதை என் கணக்கில் சொல்கிறேன். நொடிக்கு 22 குண்டு என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 45 மில்லிநொடி. அதில் பாதி நேரம் இழுக்கப் போய்விடும். மீதி இருபது சொச்சம் மில்லிநொடிக்குள் பிஸ்டன் விடுபட்டு முன்னால் போய் முட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங் புதிதாக, வலுவாக இருந்தால் போய்விடும். என்னுடையது பழைய ஸ்பிரிங், பிஸ்டனும் தண்டவாளத்தில் கொஞ்சம் இறுகி ஓடியிருக்கிறது. பிஸ்டன் முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் போகும் சக்கரப் பல் அதன் நடுவில் மோதியிருக்கிறது. இரண்டும் எதிரெதிர் திசை. இதோடு இன்னொன்றும் உண்டு. மோட்டாரின் வேகம் வோல்ட்டோடு கூடும், ஆனால் சுழலும் சக்கரம் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் அடி இரண்டே கால் மடங்கு. ஒவ்வொரு குண்டுக்கும் பிஸ்டனின் முதல் பல் இந்த அடியை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஆனந்தமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும்.

பேட்டரியிலும் ஒன்று போனது. அந்த ஞாயிறு மனசு சரியில்லாமல் வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைப் பையோடு மூலையில் வைத்துவிட்டேன். பேட்டரியைக் கழற்றவில்லை. நாலு நாள் கழித்து எடுத்தபோது அப்பளம் உப்பியதுபோல் வீங்கியிருந்தது. அளந்தால் ஒரு செல்லில் 2.6 வோல்ட். லிப்போவில் எந்தச் செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வீங்கியதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். உண்மையில் எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அதுவரை படுக்கையறையில் மரமேசை மேல் வைத்து, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதே அறையில் என் மனைவியும் ஒன்றரை வயது மகளும் தூங்கினார்கள். இதை மட்டுமாவது தயவுசெய்து கேளுங்கள். லிப்போவை லிப்போவுக்கான சார்ஜரில், செல்களைச் சமன்படுத்தும் சின்ன பிளக்கையும் மாட்டி, தீத்தாங்கும் பையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது, பார்வை படும் இடத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். நிக்கல் பேட்டரியின் சுவர் சார்ஜரில் ஒருபோதும் போடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாகக் கழற்றுங்கள். எடுத்து வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். வீங்கியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மறுசுழற்சி மையத்தில் பேட்டரி என்று சொல்லிக் கொடுங்கள். தீத்தாங்கும் பை 6 பவுண்டு. அதைத்தான் நான் முதலில் மிச்சம் பிடித்திருந்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் 10, பல்சக்கரங்கள் 28, விசைக் காண்டாக்ட் 9, கூலி 50, ஆக 97 பவுண்டு. வீங்கிய பேட்டரி 17. பாதியில் திரும்பிய இரண்டு நாட்களின் மைதானக் கட்டணம் 70. மொத்தம் 184. துப்பாக்கியின் விலையே 150. இதற்கு மேல் ஏழு வாரம் ஆடவில்லை. வாரம் முழுக்கக் கணினி முன் உட்காருகிற எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு அந்தக் காடுதான் மூச்சு. அது இல்லாமல் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பிறகு நிதானமாகச் செய்தேன். முதலில் மாஸ்பெட். பற்றவைப்பை நானே செய்தேன், சின்ன வயதில் பட்டறையில் பழகியது கைகொடுத்தது. துப்பாக்கியோடு வந்த சின்ன வெள்ளை டமியா பிளக், ஒரு பெட்டிக் குண்டு தீர்வதற்குள் கை சுடுகிற அளவுக்குச் சூடாகும். அதை வெட்டிவிட்டு, தடை குறைவான டீன்ஸ் பிளக் போட்டேன். அடுத்து வலுவான காந்தம் உள்ள, மெதுவாகச் சுற்றி வலுவாக இழுக்கும் மோட்டார், 25 பவுண்டு. கடைசியாகத்தான் பேட்டரி. 7.4 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர்-மணி, 25 சி, 14 பவுண்டு. இந்த ‘சி’ எண்ணைப் பலரும் பார்ப்பதில்லை. அதை ஆம்பியர்-மணி எண்ணோடு பெருக்கினால் பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் கொடுக்கும் என்று தெரியும். 1.3 பெருக்கல் 25, அதாவது 32 ஆம்பியருக்கு மேல். என் பழைய 11.1-இல் 1.1 பெருக்கல் 20, 22 ஆம்பியர்தான். விசையைத் தொட்டதும் சுட வேண்டும் என்பதற்கு வோல்ட்டைக் கூட்டுவது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தேன். தாராளமாக மின்னோட்டம் தரும் பேட்டரி, தடையில்லாத பிளக், நல்ல மோட்டார், இவை சேர்ந்து அதை 7.4-இலேயே கொடுத்துவிட்டன. இப்போது நொடிக்கு 17 குண்டு வருகிறது. ஒற்றைக் குண்டு என்றால் ஒன்றுதான் போகிறது. நவம்பர் குளிரில் நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

11.1 கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே உள்ளே கட்டப்பட்ட துப்பாக்கிகள் இருக்கின்றன, சில கடையிலிருந்தே அப்படி வருகின்றன. வாங்குமுன் கேளுங்கள். மாஸ்பெட் உண்டா? பிஸ்டனின் பல் எல்லாமே எஃகா, இல்லை ஒன்று மட்டுமா? சக்கரமும் பிஸ்டனும் முதலில் தொடும் கோணத்தைச் சரிசெய்திருக்கிறார்களா? மோட்டார் மெதுவாகச் சுற்றி வலுவாக இழுக்கும் வகையா, வேக வகையா? வேக மோட்டாரையும் 11.1-ஐயும் ஒன்றாகப் போட்டால் என் கதைதான். பேட்டரி வைக்கும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். மூன்று செல் பேட்டரி தடிமன், என் துப்பாக்கியின் பின்குழாயில் அமுக்கித்தான் நுழைத்தேன், ஒயர் நசுங்கி உறை கிழிந்திருந்ததைப் பழுதுபார்த்தவர்தான் காட்டினார். ஒயர் இரண்டும் தொட்டிருந்தால் என் தாடைக்குக் கீழேயே எரிந்திருக்கும். நடுத்தரமாக ஒன்று வேண்டுமென்றால் 9.9 வோல்ட் லைஃபே (லித்தியம் இரும்பு) வகை இருக்கிறது, லிப்போவைவிடச் சாது, ஆனால் அதற்கும் அதற்குரிய சார்ஜர் முறை வேண்டும்.

மிச்சமிருக்கும் இன்னொரு 11.1 பேட்டரியை விற்கவில்லை. எஃகுப் பல் பிஸ்டனுக்கும் புது ஸ்பிரிங்குக்கும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை செல்லுக்கு 3.8 வோல்ட்டில், தீத்தாங்கும் பைக்குள், வீட்டுக்கு வெளியே உள்ள செங்கல் கொட்டகையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து அளந்து பார்க்கிறேன். போன வாரம் அப்பா போனில் வேறு ஏதோ பேசிவிட்டு, வைக்கும்போது கேட்டார்: “அந்தக் காண்டாக்டுல இப்பக் கரி புடிக்குதா கண்ணு?” கழற்றிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். செம்பு பளிச்சென்று இருந்தது.